மரம் முறிக்கும் தொழிலுக்குப் பெரிய சிப்பர்: பாறசாலை எல்லையில் எந்த அளவு கட்டுப்படியாகும்?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, தமிழ்நாடு அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 600 ரூபாய் மரத்துக்கு. மீதி 500 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. மரத்தின் இழப்புக்குத் தரும் தொகைக்குக் கிட்டத்தட்ட சமமாக அதை அகற்றும் செலவுக்கும் தர வேண்டியிருந்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2017 நவம்பர் 30 அன்று, ஓகி புயல் குமரி முனையை ஒட்டிக் கடந்து போனது. ரப்பரும் வாழையும் வீட்டு முற்றத்து மரங்களும் விழுந்தன. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை என அந்தப் பக்கமும் இருக்கும் கிராமங்களில், விழுந்த மரத்தை என்ன செய்வது என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. தடிக்கு ஆள் வந்தார்கள். கொப்பும் இலையும்தான் கேட்பாரில்லாமல் கிடந்தன.

எல்லையோரத்தில் மரம் முறிக்கும் வேலையை ஒரு முறையான தொழிலாக நடத்த நினைக்கும் இளைஞர்கள் இப்போது 'வுட் சிப்பர்' இயந்திரங்களைப் பற்றி விசாரிக்கக் காரணம் அந்தக் கொப்பும் இலையும்தான். வளைகுடாவிலிருந்து சேமிப்போடு திரும்பியவர்கள், பொறியியல் முடித்தவர்கள், அப்பாவின் மர வியாபாரத்தைக் கையில் எடுத்தவர்கள் என்று பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. யூடியூபில் ஒரு முழு மரத்தை 20 நொடியில் விழுங்கும் இயந்திரத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தக் காணொளி எடுக்கப்பட்ட ஊரும் நம்ம ஊரும் ஒன்றல்ல.

சிப்பர் என்ன செய்யும்?

கொப்பை ஒரு வாய் வழியாக உள்ளே தள்ளினால், சுழலும் கத்திகள் அதைச் சிறு சில்லுகளாகச் சீவி, ஒரு குழாய் வழியாக லாரிக்குள் ஊதிவிடும். (இந்த மரச்சில்லுக்கு ஆங்கிலத்தில் சிப்ஸ் என்றுதான் பெயர். நாகர்கோவில்காரர்களிடம் சிப்ஸ் என்றால் நேந்திரங்காய்தான் நினைவுக்கு வரும் என்பதால் சில்லு என்றே சொல்கிறேன்.) ஜெர்மனியின் மாஸ்பியூல் என்ற ஊரில் பீட்டர் யென்சன் என்பவர் 1884-இல் இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்குப் பெரிய சிப்பர்களில் வெர்மீர், பேண்டிட், மோர்பார்க் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் பெயர்களை அதிகம் கேட்கலாம். டிராக்டரில் இணைத்து ஓட்டும் வகையில் ஐரோப்பிய, இந்திய இயந்திரங்களும் உண்டு.

இதன் பெரிய லாபம் போக்குவரத்தில். கொப்பை அப்படியே லாரியில் ஏற்றினால் பாதிக்கு மேல் வெற்றிடம்தான் பயணம் செய்யும். சில்லாக்கினால் பல லோடு ஒரு லோடாகச் சுருங்கும்.

முதல் கேள்வி: எதை அரைக்கப் போகிறீர்கள்?

அமெரிக்காவில் மரப் பராமரிப்பு நிறுவனங்கள் பெரிய சிப்பர் வாங்குவதற்குக் காரணம், அங்கே நகரத்து மரத்தின் தடிக்குப் பெரும்பாலும் வாங்க ஆள் கிடையாது. அடிமரத்தையும் அரைத்துத் தள்ளிவிட்டுப் போவதே மலிவு.

பாறசாலையில் நிலைமை நேர் எதிர். அயனி, பலா, தேக்கு, மா, புளி என்று எந்தத் தடிக்கும் ஒரு விலை உண்டு. பால் வெட்டி முடிந்து 25, 30 வயதில் முறிக்கும் ரப்பர் மரத்தின் தடி பிளைவுட் ஆலைகளுக்கும் பேக்கிங் பெட்டி செய்யவும் போகிறது. பெரும்பாவூரின் பிளைவுட் தொழிலே பெருமளவு ரப்பர் மரத்தை நம்பித்தான் நடக்கிறது. நடுத்தரக் கொப்புக்கு விறகு விலை இருக்கிறது. ஆக, 30 சென்டிமீட்டர் தடியை விழுங்கும் சிப்பரை வாங்கி, அதில் ரப்பர் தடியைப் போட்டால், விற்கக்கூடிய பொருளை டீசல் செலவழித்து மலிவான பொருளாக மாற்றுகிறீர்கள் என்று அர்த்தம்.

யாருக்கும் வேண்டாதது மணிக்கட்டு அளவிலிருந்து தொடை அளவு வரையிலான கோணல் கொப்பும் இலைக்குழையும்தான். அதற்கு 6 முதல் 9 அங்குல வாய் உள்ள இயந்திரம் பெரும்பாலும் போதும். 12 அங்குலம் எப்போது தேவைப்படும்? கோணலும் கவட்டையுமாக அகலமாக விரிந்த கொப்பைக் கத்தியால் சின்னதாக வெட்டிக்கொண்டிருக்காமல் அப்படியே திணிக்க வேண்டும் என்றால். பெரிய வாயினால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்த நேரம்தான்.

தென்னை தனிக் கதை. அது நார் மரம். அடியிலிருந்து நுனி வரை நீள நீளமான நார்க்கற்றை. கத்தி கூராக இல்லாவிட்டால் சீவாமல் கிழிக்கும். கிழிந்த நார் உருளையில் சுற்றிக்கொள்ளும். மட்டையும் கொதும்பும் இதே சிக்கலைத் தரும். உங்கள் வேலையில் பாதி தென்னை என்றால், விற்பனையாளர் செய்து காட்டும் நாளில் அவர் கொண்டுவரும் காய்ந்த சவுக்குக் கம்பை நம்ப வேண்டாம். பச்சைத் தென்னை மட்டை இருபதை நீங்களே எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள்.

ரப்பரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சிரட்டை மாட்டிய கம்பி, பால் வடிய அடித்த தகரத் துண்டு, மழைக்காலத்துக்கு ஒட்டிய பிளாஸ்டிக் பாவாடை எல்லாம் அடிமரத்திலேயே இருக்கும். பல வருடம் ஆனால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். சாலையோர மரமென்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள். ஒரே ஒரு ஆணி போதும், ஒரு செட் கத்தி பல்லுப்போக. அடிமரத்தைச் சிப்பரில் போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

விளம்பரத்து அங்குலமும் விளையில் அங்குலமும்

'12 அங்குல சிப்பர்' என்றால் அதன் வாய் அவ்வளவு திறக்கும் என்றுதான் பொருள். நாள் முழுக்க 12 அங்குல மரத்தை மூச்சுத் திணறாமல் சாப்பிடும் என்று பொருளல்ல. தினசரி வேலைக்கு அறிவித்த அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

விட்டம் இரண்டு மடங்கானால் வெட்டுப்பரப்பு நான்கு மடங்காகும். பச்சை மரம் ஒரு கனமீட்டருக்கு 900 கிலோ என்று வைத்துப் பார்த்தால், மூன்று மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள துண்டு சுமார் 48 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம். அதே நீளத்தில் 30 சென்டிமீட்டர் என்றால் சுமார் 190 கிலோ. 45 சென்டிமீட்டர் என்றால் 430 கிலோ. இயந்திரம் விழுங்கும், சரி. அதன் வாய்க்குக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? 12 அங்குலத்துக்கு மேல் போனால் வின்ச்சோ கிரேனோ இல்லாமல் அந்தக் கூடுதல் அளவுக்குக் கொடுத்த காசு வீண். சிப்பரோடு சேர்த்து அதன் விலையையும் கணக்கில் வையுங்கள்.

டிரம்மா, டிஸ்க்கா என்ற விவாதத்தை நீட்ட வேண்டியதில்லை. டிஸ்க் வகை ஓரளவு சீரான சில்லு தரும். டிரம் வகை கோணல் கொப்பையும் இலைக்குழையையும் வேகமாக வாங்கும். சில்லை விற்கப் போகிறவர் டிஸ்க் பக்கமும், இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பதே வேலை என்பவர் டிரம் பக்கமும் போகலாம். எதுவானாலும் ஹைட்ராலிக் உருளை இருக்க வேண்டும். கத்தியின் வேகம் குறைந்தால் உருளையைத் தானே நிறுத்தி, வேகம் மீண்டதும் தொடரும் கட்டுப்பாடும் அவசியம். அது இல்லாத இயந்திரத்தில் அடைப்பு எடுத்தே பாதி நாள் போகும். அடைப்பு எடுக்கும்போதுதான் கையும் போகும்.

எடவழிக்குள் நுழையுமா?

குன்னத்துக்கால், காரக்கோணம், பனச்சமூடு, ஊரம்பு பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஏற்ற இறக்கமாக ஒரு எடவழி, கடைசியில் வீடு. மரம் வீட்டுக்குப் பின்னால். 12 அங்குல டிரெய்லர் சிப்பர் சாதாரணமாக இரண்டு டன்னுக்கு மேல் எடை. 15, 18 அங்குல இயந்திரங்கள் இன்னும் கூடுதல். இழுத்துப் போகும் வண்டியோடு சேர்த்தால் நீளம் பத்து மீட்டரைத் தாண்டும். வளைவில் திரும்பாது, மழையில் செம்மண் சரிவில் நிற்காது.

இயந்திரம் சாலையிலேயே நின்றால் கொப்பை ஆட்கள் சுமந்து வர வேண்டும். ஐம்பது மீட்டர் சுமக்க வேண்டியிருந்தால், வேலையின் வேகத்தைத் தீர்மானிப்பது சுமப்பவரின் கால்தான். சிப்பரின் குதிரைத்திறன் அல்ல. பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன் கடந்த ஓராண்டில் நீங்கள் செய்த வேலைகளை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எத்தனை இடத்தில் மரத்தடி வரை ஒரு மினி டிப்பர் போயிருக்கிறது? அந்த விகிதம் பாதிக்குக் கீழே என்றால் பெரிய டிரெய்லர் சிப்பர் உங்களுக்கானதல்ல.

என் கருத்தில், இந்த நிலப்பரப்புக்கு 45–50 குதிரைத்திறன் டிராக்டரின் பின்னால் பி.டி.ஓ தண்டில் இணைக்கும் சிப்பர்தான் முதல் இயந்திரமாகப் பொருந்தும். டிராக்டர் மேட்டில் ஏறும், ஊரிலேயே மெக்கானிக் உண்டு, சிப்பருக்கு வேலை இல்லாத மாதத்தில் வேறு வேலைக்குப் போகும். தனி என்ஜின் கிடையாது என்பதால் இயந்திர விலையும் குறையும்.

பதிவு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிரெய்லருக்கும் பதிவு தேவை. விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரைக் கூலி வேலைக்கு ஓட்டினால் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கை விரிக்க வாய்ப்பிருக்கிறது. கேஎல் 19 பாறசாலை, கேஎல் 20 நெய்யாற்றின்கரை, டிஎன் 75 மார்த்தாண்டம் என மூன்று பதிவு அலுவலகங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வரி இரண்டு மாநிலத்துக்கு வேறு வேறு. எந்தப் பக்கம் அதிக நாள் வேலை என்று பார்த்து அந்தப் பக்கம் பதிவு செய்து, மறுபக்க அனுமதிக்கு என்ன செலவு என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு: மாதத்தில் எத்தனை நாள் ஓடும்?

கீழே உள்ளவை சந்தை விலை அல்ல. கணக்கு புரிய எடுத்துக்கொண்ட எண்கள்.

இயந்திரம் 25 லட்சம். முழுவதும் கடன், 12% வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை சுமார் 55,600 ரூபாய். மாதத்தில் 20 நாள் வேலை இருந்தால் ஒரு நாள் தலையில் விழுவது 2,780 ரூபாய். 8 நாள்தான் வேலை என்றால் 6,950 ரூபாய். டீசல், ஆள்கூலி, கத்தி எல்லாம் இதற்கு மேல். அதுவே 5 லட்சம் இயந்திரம் என்றால் தவணை சுமார் 11,100 ரூபாய்; 8 நாள் வேலையில் நாளொன்றுக்கு 1,390.

8 நாள் என்ற எண்ணை ஏன் எடுத்தேன் என்றால், இங்கே வேலை வருடம் முழுக்கச் சீராக வருவதில்லை. ரப்பர் முறிப்பு ஜூன் மழைக்கு முன் முடிந்துவிடும், மறுநடவுக்கு நிலம் தயாராக வேண்டும் என்பதால். வீட்டு மரம், மின்கம்பி ஓரத்துக் கொப்பு எல்லாம் ஏப்ரல், மே மாதத்தில் குவியும். பிறகு தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. அப்போது காற்றில் விழுந்த மரத்துக்கு அவசர அழைப்பு வரும், ஆனால் அது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. உச்ச மாதத்தை வைத்துக் கடன் வாங்கியவர் ஆகஸ்டில் தவணை கட்டத் திணறுவார்.

டீசலுக்கு ஒரு தோராய அளவு: 85 குதிரைத்திறன் என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு சுமார் 16 லிட்டர் குடிக்கும். நடைமுறையில் பாதி நேரம் கொப்பு வரக் காத்துச் சும்மா ஓடும் என்பதால் செலவு குறையும். சும்மா ஓடுவதும் செலவுதான் என்பது வேறு விஷயம்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தனிநபருக்கும் வாடகை மையங்களுக்கும் மானியம் உண்டு. தென்னை மட்டை அரைக்கும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மானியம் பெரிய மரச் சிப்பருக்கும் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொன்னால், அந்தக் குறிப்பிட்ட மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று கிருஷிபவனிலோ வேளாண் பொறியியல் அலுவலகத்திலோ பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வாங்கிய பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை. மூன்று மரம் வெட்டும் குழுக்கள் சேர்ந்து ஒரு இயந்திரத்தை வாங்கி மாற்றி மாற்றி ஓட்டினால் அந்த 8 நாள் 20 நாளாகும். அண்ணன் தம்பிக்குள்ளேயே இது சுலபமில்லை என்பது தெரியும். கத்தி மழுங்கினால் யார் செலவு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் ஓரளவு சண்டை குறையும்.

கேரளாவில் இன்னொரு சின்ன அனுகூலம்: சில்லு நேராக லாரிக்குள் விழுவதால் ஏற்றுக்கூலி குறைகிறது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கப்படும் 'நோக்குக் கூலி'யைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர்களுக்கு உரிமையுள்ள பகுதி எது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சில்லை எங்கே கொட்டுவது?

காகித ஆலைக்குத் தரலாமே என்பார்கள். கரூர் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல் போன்ற ஆலைகள் தேடுவது பட்டை நீக்கிய தைல மரமும் சவுக்கும். இலையும் பட்டையும் மண்ணும் கலந்த சில்லு அவர்களுக்கு ஆகாது. கொதிகலன் எரிபொருளாகக் கொடுக்கலாம், ஆனால் பச்சைச் சில்லின் எடையில் பாதி தண்ணீர். காய வைக்க இடம் வேண்டும். இந்த ஊர் மழையில் மேற்கூரையும் வேண்டும். பெரிய குவியலாகப் போட்டு வைத்தால் உள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும்.

மீதி வழி, மூடாக்கு. வாழைக்கும் மிளகுக்கும் மரத்து மூட்டைச் சுற்றி மெல்லிய படலமாகப் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும். ஆனால் தென்னை வளரும் ஊரில் குவியலாக விட்டுவிடக் கூடாது. மக்கும் மரக்கழிவில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழுவாக வளர்கிறது. ஆறு மாதம் கழித்து அந்த வண்டு உங்கள் வாடிக்கையாளரின் தென்னங்குருத்தைத் துளைக்கும். அந்தத் துளையின் பின்னாலேயே சிவப்புக் கூன்வண்டும் வரும். மரத்தை முறித்துச் சுத்தம் செய்து கொடுத்தவர், பக்கத்து விளைத் தென்னைக்குச் சாவை வைத்துவிட்டுப் போனார் என்று ஆகிவிடும். குவித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடிக்கடி கிளறிவிட்டு, எருக்குழிக்குப் போடும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலக்கலாம். வேளாண் அலுவலகங்களில் கேட்டால் சொல்வார்கள்.

மூன்று நொடி

விலைப்பட்டியலில் கடைசி வரியாக இருக்கும் பாதுகாப்பு அம்சங்களை முதலில் படிக்க வேண்டிய இயந்திரம் இது.

அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை நகரும் சிப்பர்களால் 31 தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று அந்நாட்டு அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டவர்களும், மூடி கழன்று அடித்ததில் இறந்தவர்களும் அதில் உண்டு.

உருளைகள் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இழுக்கும் ஒரு சிப்பரை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு அரை மீட்டர். வாய் விளிம்பிலிருந்து உருளைக்கு ஒன்றரை மீட்டர் தூரம் என்றால், கொப்பில் சட்டை மாட்டியவருக்குக் கிடைப்பது மூன்று நொடி. அதற்குள் அவர் கத்த வேண்டும், சத்தத்தில் அது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், அவர் நிறுத்துக் கம்பியைத் தள்ள வேண்டும். காது மூடி போட்டிருக்கும் இருவருக்கு இடையில் இது நடக்க வேண்டும்.

எனவே நிறுத்துக் கம்பி வாயின் மேலேயும் பக்கங்களிலும், இழுக்கப்படுபவரின் உடலே மோதி நிறுத்தும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் இதற்கென்றே ஈஎன் 13525 என்ற தரநிலை இருக்கிறது. வாங்கும் இயந்திரம் அதற்கு உட்பட்டதா என்று கேளுங்கள். வாய் நீளம் குறைவான, நேராக உருளைக்குள் கை போகும் மலிவு இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, மணிக்கட்டில் கயிறு, நீளக் கையுறை எதுவும் இயந்திரத்தின் பக்கத்தில் ஆகாது. இடுப்பில் கயிறு கட்டி மரமேறியவர் அந்தக் கயிற்றோடேயே கீழே வந்து கொப்பு தள்ளக் கூடாது. சின்னக் குச்சிகளைக் கையால் தள்ளாமல் நீளக் கொப்பின் மேல் வைத்து அனுப்ப வேண்டும். யாரும் தனியாக ஓட்டக் கூடாது.

இந்தியாவுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் ஏராளம். கதிரடிக்கும் இயந்திரங்களின் பாதுகாப்புக்காகவே 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் மலிவு இயந்திரங்கள் சந்தையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

கத்தி விஷயமும் பாதுகாப்போடு சேர்ந்தது. மழுங்கிய கத்தி கொப்பைச் சீவாமல் இழுத்து உதறும். வாங்கும்போதே இரண்டாவது செட் வாங்கிவிடுங்கள். சாணை பிடிக்க மர ஆலைகளுக்குக் கத்தி தீட்டும் பட்டறைகளை நாடலாம். மாற்றும்போது என்ஜினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரம் முழுவதும் நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். என்ஜினை அணைத்த பிறகும் கனத்த டிரம் நிற்கச் சில நிமிடங்கள் ஆகலாம்.

எல்லை தாண்டும் காகிதங்கள்

தடியை மாநிலம் கடத்தும்போது அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பது மரத்தின் இனத்தைப் பொறுத்தது. விலக்குப் பட்டியல் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றல்ல. 2023 டிசம்பர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய அனுமதிச்சீட்டு இணையதளத்தில் இப்போது விண்ணப்பிக்கலாம். சந்தனம் சொந்த முற்றத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் தொடக் கூடாது. தேக்கு, ஈட்டி போன்றவை பட்டா நிலத்தில் நின்றால், பட்டாவின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். வயநாட்டின் முட்டில் ஈட்டி மரவெட்டு வழக்கு 2021-இல் வெடித்தது அந்த நிபந்தனைகளைச் சுற்றித்தான்.

சிப்பர் வைத்திருப்பவருக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. அரைத்துவிட்டால் அது என்ன மரம், எவ்வளவு தடிமன் என்று பிறகு யாருக்கும் காட்ட முடியாது. முறிப்பதற்கு முன் மரத்தைப் படம் எடுத்து, நில உடமையாளரிடம் சர்வே எண்ணோடு ஒரு கையெழுத்து வாங்கி, முறித்த பின் குற்றியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள பத்து நிமிடம் போதும். பஞ்சாயத்தோ மின்வாரியமோ அழைத்த வேலை என்றால் எழுத்துப்பூர்வ உத்தரவின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும்.